அழுத்தம் எந்த அசையில்

செப்டம்பர் 3, செவ்வாய்

தினமும் ஒரு பக்கம் டைரி எழுத வேண்டும், ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று மஞ்சரி மிஸ் சொல்லிவிட்டார். லண்டன் போக நினைக்கும் நர்ஸ்களுக்கான ஆங்கிலத் தேர்வு டிசம்பரில். உட்கார்ந்தேன். ‘இன்று காலை ஆறு மணிக்கு எழுந்தேன்’ என்று ஒரு வரி ஆங்கிலத்தில் வந்தது. அடுத்த வரி வரவில்லை. பேனாவைக் கடித்துக்கொண்டிருந்ததில் டீ ஆறிப்போனதுதான் மிச்சம். அதனால் தமிழில் எழுதுகிறேன். மிஸ் கேட்டால் வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வகுப்பு பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு மொபைல் கடையின் மாடியில் நடக்கிறது. படிக்க வருகிற எல்லோரும் தூத்துக்குடி ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் நர்ஸ்கள். மிஸ் சென்னைக்காரர், என்னைவிடச் சின்னவர். இன்று நீளமான சொற்களை அசை அசையாகப் பிரிக்கச் சொல்லிக்கொடுத்தார். புறங்கையைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். தாடை எத்தனை தடவை இறங்கிக் கையில் இடிக்கிறதோ அத்தனை அசை. ஹாஸ்-பி-டல், மூன்று. ஹாஸ்-பி-ட-லை-சே-ஷன், ஆறு.

“நீங்க எல்லாரும் எல்லா எழுத்தையும் ஒரே மாதிரி அடிச்சுப் பேசுறீங்க. தமிழுக்கு அது சரி. இங்கிலீஷ்ல ஒரு இடத்துலதான் அழுத்தணும். மத்ததை எல்லாம் லேசா விட்டுடணும். தப்பான இடத்துல அழுத்துனீங்கன்னா, சொல்லு சரியா இருந்தாலும் அங்க இருக்கிற பேஷண்ட்டுக்குப் புரியாது” என்றார்.

வீட்டில் தாடைக்குக் கையைக் கொடுத்துக்கொண்டு நடமாடினேன். பேக்கரி வேலை முடிந்து வந்த தங்கை டெல்பின் வாசலிலேயே நின்று சிரித்தாள். முட்டை வெள்ளையும் முந்திரியும் அடித்துச் செய்கிற மக்ரூனில் உடைந்தது ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். உடைந்ததை விற்க முடியாதாம்.

“என்னக்கா, பல்வலியா?”

“பாடம்ட்டி.”

விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குப் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் தேமா புளிமா சொல்லி அசை பிரிப்பதில் அவள்தான் முதல். என் சொற்களை வாங்கி, விரலால் மேசையைத் தட்டித் தட்டிப் பிரித்தாள். எனக்கு முன்னால் அவள் முடித்தாள்.

செப்டம்பர் 9, திங்கள்

வார்டில் மூன்று ஆப்பரேஷன். வகுப்புக்குப் போகவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

பூசை முடிந்து கிளாட்வின் வீட்டார் வந்தார்கள். டெல்பினுக்கு ஜனவரி கடைசியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. கிளாட்வின் கப்பலில் என்ஜின் பகுதியில் வேலை பார்க்கிறவன். அதிகம் பேச மாட்டான். டெல்பின் கொடுத்த காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டாள். அவன் முகத்தைச் சுளிக்காமல் குடித்து முடித்து, “இன்னும் கொஞ்சம் இருக்கா?” என்று கேட்டான். அம்மாவுக்கு அதிலேயே திருப்தி.

எனக்கு முப்பத்தாறு. எனக்கு அமையாதது அவளுக்கு அமைந்தது என்று அம்மா அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். என் காதில் விழ வேண்டும் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

சாயங்காலம் கல்யாண ரவிக்கைக்கு அளவு எடுத்தோம். டெல்பினுக்குக் கை மெலிந்திருக்கிறது. பாவாடைக் கயிறு மட்டும் இறுக்குகிறது என்கிறாள். மக்ரூன் தின்றால் அப்படித்தான் என்றாள் அம்மா. நான் டேப்பைச் சுருட்டிவைத்தேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

அழுத்தம் இடம் மாறும் என்று இன்று தெரிந்துகொண்டேன். ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் அசையில் அழுத்தம். அதை எடுப்பவரைச் சொல்லும்போது ஃபொ-டா-கிர-ஃபர், இரண்டாவதற்கு வந்துவிடுகிறது. ஃபோட்டோகிராஃபிக் என்றால் மூன்றாவதற்கு. ஒரே சொல்தான், வால் நீள நீள அழுத்தம் நகர்ந்துகொண்டே போகிறது. ‘ஷன்’ என்று முடிந்தால் அதற்கு முந்தின அசையில் அழுத்தம். அது மட்டும் தவறவே தவறாது என்றார் மிஸ்.

டெல்பின் கல்யாண வீடியோக்காரருக்குப் போன் போட்டு “ஹலோ, ஃபொ-டா-கிரஃபரா?” என்றாள். அவர் ராங் நம்பர் என்று வைத்துவிட்டார். சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிரிப்பு நின்ற பிறகும் பிடித்த கையை எடுக்கவில்லை.

“எத்தனை நாளா வலிக்கி?”

“கேஸ்தான்க்கா. ஒரு மாத்திர குடு.”

கொடுத்தேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே டெல்பினுக்கு ஸ்கேன் எடுத்தோம். ஸ்கேன் டாக்டர் வழக்கமாக என்னுடன் வாயாடுகிறவர். இன்று திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் மட்டும் ஆங்கிலத்தில் பேசினார். அதில் ‘அப்டாமினல்’ வந்தது. அப்-டா-மி-னல். நான்கு அசை, இரண்டாவதில் அழுத்தம்.

டெல்பினிடம், சினைப்பையில் நீர்க்கட்டி, பெண்களுக்கு இது சகஜம், மதுரையில் எடுத்துவிடலாம் என்று சொன்னேன். அவள் அதை நம்பினாள். சொல்கிறபோது நானும் நம்பினேன்.

அக்டோபர் 9, புதன்

மதுரையில் ஆப்பரேஷன் ஆயிற்று. நாலு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஒரு மணி நேரத்தில் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். அம்மா, “சீக்கிரம் முடிஞ்சிட்டு, மாதாவே” என்று கும்பிட்டாள்.

நானும் எத்தனையோ ஆப்பரேஷன் பார்த்தவள். சீக்கிரம் முடிந்தது என்று கும்பிடுகிறவர்களை எத்தனையோ தடவை பார்த்துக்கொண்டு நின்றவள்.

அக்டோபர் 18, வெள்ளி

பரிசோதனை முடிவைக் கேட்க அம்மாவும் நானும் மதுரைக்குப் போனோம். டாக்டர் வராந்தாவிலேயே நிறுத்திச் சொன்னார். அம்மா பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினார். நீளமான சொற்களாகச் சொன்னார். அதில் ஒன்றை அவர் தப்பாகச் சொன்னார். நோய் பரவிவிட்டதைச் சொல்லும் மெ-டாஸ்-ட-சிஸ், இரண்டாவது அசையில்தான் அழுத்த வேண்டும். அவர் மூன்றாவதில் அழுத்தினார். போன வாரம்தான் வகுப்பில் வந்த சொல். திருத்திவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். எனக்கு என்ன பைத்தியம் என்று தெரியவில்லை.

“என்னட்டி சொல்லுதாரு?” என்று அம்மா என் முழங்கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னேன். அந்த நோயின் பெயரை நான் சொல்லவில்லை. பெரிய வியாதி, ஈரலுக்கும் போய்விட்டது, கூடிப்போனால் சில மாதங்கள் என்று சொன்னேன். அருப்புக்கோட்டை தாண்டிய பிறகுதான் அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

“அவட்ட சொல்லப்படாது.”

“அம்மா, சின்னப் பிள்ளையா அவ?”

“சொன்னா அன்னைக்கே செத்துருவா. நீ எத்தன பேரப் பாத்துருப்ப. எம்பிள்ள தாங்க மாட்டா. மாதா மேல சத்தியம் பண்ணு.”

“கல்யாணம்?”

“கல்யாணத்த நிப்பாட்டுனா அவளுக்குத் தெரிஞ்சிரும்லா. அது பாட்டுக்கு நடக்கட்டும்.”

பண்ணிக்கொடுத்தேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ஊரெல்லாம் வெடி. டெல்பினை மதுரை வார்டில் படுக்கவைத்து முதல் மருந்து ஏற்றினார்கள். கட்டி திரும்ப வராமல் இருக்க மருந்து என்று சொல்லியிருக்கிறோம்.

“யக்கா, அந்த நர்ஸு கீமோன்னு சொல்லுதா. அப்படின்னா?”

“கெமிக்கல்னு அர்த்தம்.”

“எல்லா மருந்தும் கெமிக்கல்தான?”

“ஆமா.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்து, “அந்தா பாரு, ராக்கெட்டு” என்றாள்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். அப்பா கல்லறையில் அம்மாவும் நானும் மெழுகுவர்த்தி வைத்தோம். காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. டெல்பினுக்கு வாந்தி, வரவில்லை. வரும் வழியில் ரொட்டி, எலுமிச்சம்பழம் வாங்கினோம். அம்மா கல்யாணப் புடவைக்கு நிறம் பேசிக்கொண்டே வந்தாள். ஆளில்லாத தெருவிலும் அந்தப் பேச்சை விடவில்லை.

நவம்பர் 6, புதன்

இரண்டாவது மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முதலாவதையே உடம்பு தாங்கவில்லை. டெல்பினிடம், ஒரு தடவையே போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அவ்வளவு நல்லா வேலை செய்திருக்கு என்றேன். “அப்படியா” என்றாள். தலையணையில் முடி. அவள் எழும் முன் எடுத்துவிடப் பார்த்தேன். அவளே கூட்டி அள்ளிவைத்திருந்தாள்.

நவம்பர் 10, ஞாயிறு

பேச்சுத் தேர்வுக்குச் சேர்ந்து பயிற்சி செய்ய ஆள் இல்லை. எனக்கு ஜோடியாக இருந்த பெண் போன மாதமே தேறிப் போய்விட்டாள். தேர்வில் ஒருவர் நோயாளியாக நடிப்பார், நான் நர்ஸாகவே பேச வேண்டும். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கார்டு. அதில் யார் என்ன கேட்க வேண்டும் என்று இருக்கும்.

“நான் இருக்கேம்லா, சும்மாத்தான படுத்துக் கெடக்கேன்” என்றாள் டெல்பின்.

அவள் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். நோயாளியின் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொடுத்தேன். அழுத்த வேண்டிய அசைக்கு மேல் சிவப்புப் புள்ளி வை என்றாள். வைத்தேன். இன்று ஆஸ்துமாக்காரி, சர்க்கரை வியாதியில் கால் புண் ஆனவர், காத்திருக்கவைத்ததால் கோபப்படும் கிழவர் மூன்று பேராகவும் இருந்தாள். “ஐ வான்ட் டு ஸீ த மேனேஜர்!” என்று கட்டிலில் அடித்தாள். பேக்கரியில் அப்படி வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறாளாம். அம்மா கதவருகே வந்து, “என்ன சத்தம்?” என்று பார்த்துவிட்டுச் சிரித்தபடி போனாள். அம்மா சிரித்து எத்தனை நாளாயிற்று.

நவம்பர் 17, ஞாயிறு

கார்டுகளில் ஒன்றை மட்டும் நான் அடியில் வைத்திருந்தேன். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் நோயாளி. நர்ஸ் டாக்டருடன் சேர்ந்து கெட்ட செய்தியைச் சொல்லிவிட்டு, பிறகு தனியே உட்கார்ந்து பேச வேண்டும். மிஸ் அதற்கென்று ஒரு முறை சொல்லிக்கொடுத்திருக்கிறார். முதலில் உட்கார வேண்டும். அவருக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். சின்னச் சின்னத் துண்டுகளாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் நிறுத்த வேண்டும். அவர் பேசும் வரை பேசக் கூடாது.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு டெல்பின் கார்டுக் கட்டைக் கலைத்து அதை உருவினாள்.

“இது பண்ணலையே?”

“அது வேண்டாம், கஷ்டம்.”

“பரீட்சையில இது வந்தா என்ன செய்வ?”

தலையில் துண்டு கட்டியிருந்தாள். நிமிர்ந்து உட்கார முடியவில்லை, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்தேன். அடுப்படியில் அம்மா மீனைக் கல்லில் உரசிச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள். டெல்பின் கார்டைக் கையில் வைத்திருந்தாள், அதைப் பார்த்துப் படிக்கவில்லை. முதல் வரியை மட்டும் சரியாகச் சொன்னாள். பிறகு கார்டைக் கவிழ்த்தாள்.

“சிஸ்டர்,” என்றாள். “ட்ரூத். ப்ளீஸ்.”

“அது கார்டுல இல்லட்டி.”

“இங்கிலீஷ்ல பேசு. பரீட்சையில தமிழ் பேசுவியா?”

நான் எழுந்து போயிருக்கலாம். அம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். மிஸ் சொன்னபடி நாற்காலியை இழுத்து அவள் கண் மட்டத்தில் உட்கார்ந்தேன். உனக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் விரலை வயிற்றின் மேல் வைத்தாள். பிறகு ஈரல் இருக்கும் இடத்தில் வைத்தாள். பிறகு தலைத்துண்டைத் தொட்டாள்.

நான் சொன்னேன். ஆங்கிலத்திலேயே சொன்னேன். நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத வரவில்லை.

டெல்பின் தமிழில் ஒரு பதில் சொன்னாள். அதன் பிறகு முகம் கழுவ வேண்டும் என்றாள். கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். அம்மா அடுப்படியிலிருந்து, “தண்ணிய வீணாக்காதீங்கடி” என்றாள்.

நவம்பர் 18, திங்கள்

அம்மாவும் டெல்பினும் துணிக்கடை விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “எனக்கு மாம்பழக் கலருதான் வேணும்” என்று அடம் பிடிக்கிறாள். அம்மா வெங்காயக் கலர் என்கிறாள். அரை மணி நேரம் சண்டை. நான் கேட்டுக்கொண்டு சட்டை இஸ்திரி போட்டேன். கையில் சுட்டுக்கொண்டேன்.

நவம்பர் 23, சனி

டெல்பின் கிளாட்வினை வரச்சொல்லிப் போன் செய்திருக்கிறாள். அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம். நான் வாசலில் நின்றேன். உள்ளே அவள் குரல்தான் கேட்டது, அவன் குரல் கேட்கவில்லை. வெளியே வந்தவன் செருப்பைத் தேடினான். கண்ணெதிரேயே கிடந்தது. தெரியவில்லை. எடுத்துக் காலருகே வைத்தேன்.

“என்னய வேற பிள்ளையப் பாத்துக்கிடச் சொல்லுதா,” என்றான்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல. சொல்ல வரல.”

செருப்பைப் போட்டுக்கொண்டும் போகவில்லை. அம்மா வரும் வரை நின்றான். அம்மாவிடம், “அத்த, கப்பலுக்கு வரச்சொல்லிட்டாங்க. கல்யாணத்த ஆறு மாசம் தள்ளிவச்சுக்கிடுவோம். எங்க வீட்டுலயும் சொல்லிட்டேன்” என்றான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். தரையைப் பார்த்தே சொன்னான்.

அம்மா, “கடல் வேல, நீங்க என்ன செய்வீங்க தம்பி” என்று டீ போடப் போனாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

கிளாட்வின் வந்தான். கப்பல் தாமதமாம்.

டிசம்பர் 7, சனி

தேர்வு. போகமாட்டேன் என்று இருந்தேன். டெல்பின் நேற்றிலிருந்து சாப்பிட மறுத்துவிட்டாள். “நீ போறேன்னு சொன்னாத்தான் கஞ்சி குடிப்பேன்.” கிளாட்வின் வந்து காவல் இருந்தான்.

எனக்கு வந்தது ஆஸ்துமா கார்டு. மூச்சிழுக்கும் மருந்தை எப்படிப் பிடிப்பது என்று ஒரு தாய்க்கு விளக்க வேண்டும். டெல்பின் நடித்த ஆஸ்துமாக்காரி இதைவிடத் தொல்லை பிடித்தவள். ‘இன்ஃப்ளமேஷன்’ என்ற சொல் வந்தபோது அழுத்தம் சரியான இடத்தில் விழுந்தது எனக்கே தெரிந்தது. வெளியே வந்து ரோட்டைக் கடக்க முடியாமல் நின்றேன். யாரோ ஒரு போலீஸ்காரர் கடத்திவிட்டார்.

டிசம்பர் 19, வியாழன்

வயிற்றில் நீர் கட்டியது. ஊசி போட்டு எடுத்தார்கள். எடுத்த பிறகு கொஞ்ச நேரம் நன்றாக இருந்தாள். “ஆர் யூ கம்ஃபர்டபிள்?” என்று அவளே என்னைக் கேட்டாள். அது எழுத்தில் நான்கு அசை, பேச்சில் மூன்றுதான் வரும் என்று முன்பு அவளுக்குச் சொல்லியிருந்தேன். மூன்றாகத்தான் சொன்னாள்.

டிசம்பர் 27, வெள்ளி

தேறிவிட்டேன். பேச்சில்தான் அதிக மதிப்பெண். டெல்பின் என் போனைப் பிடுங்கி, பேக்கரி முதலாளி, கிளாட்வின், அடுத்த வீடு, மிஸ் என்று எல்லோருக்கும் சொன்னாள். மிஸ்ஸிடம் ஆங்கிலத்தில் பேசினாள். “மை சிஸ்டர். பாஸ். ஐ ஆம் பேஷன்ட்,” என்றாள். மிஸ்ஸுக்கு அது நடிப்பைப் பற்றியது என்றுதான் பட்டிருக்கும். “குட் பேஷன்ட்!” என்று சிரித்தார். டெல்பினும் சிரித்தாள்.

கிறிஸ்துமஸ் கேக் மிச்சத்தை எல்லோருக்கும் கொடுத்தோம். அவள் ஒரு துளி நாக்கில் வைத்துக்கொண்டாள்.

ஜனவரி 9, வியாழன்

இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார்கள். வலிக்கு மருந்து நான்தான் கொடுக்கிறேன். குணமாக்க முடியாதபோது வலியை மட்டும் தணிப்பதைப் பேலியேட்டிவ் என்பார்கள். முதல் அசையில் அழுத்தம். பிறகு வருவதெல்லாம் லேசாக ஓடிவிட வேண்டும். வார்டில் இந்தச் சொல்லை எத்தனை பேர் வீட்டாரிடம் சொல்லியிருக்கிறேன். நீளமான சொல்லாகப் பார்த்து எடுத்து அவர்கள் முன்னால் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கிறேன்.

“லண்டனுக்குப் போயிருவல்லா?” என்றாள் இன்று.

“பாப்போம்.”

“பாப்போம்னா போமாட்ட. எனக்குத் தெரியும்லா.”

“அம்மாவ விட்டுட்டு எப்படிட்டி?”

“அம்மா இருப்பா. நீ நெனைக்க மாதிரி இல்ல அவ.” மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்து, “எங்க போனாலும் டெல்பின்னு யாரையாது பாத்தா ரெண்டு மிட்டாய் வாங்கிக் குடு” என்றாள். தூங்கிவிட்டாள்.

ஜனவரி 12, ஞாயிறு

சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு, கடைசிக் காலத்தில் கொடுக்கிற நோயில் பூசுதல் கொடுத்தார். அம்மா அவளிடம், “சும்மா சுகம் கெடைக்கத்தான்” என்றாள். டெல்பின், “ஆமாம்மா” என்றாள். நானும் கிளாட்வினும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஜனவரி 16, வியாழன்

காலையில் டெல்பின் போய்விட்டாள்.

ஜனவரி 21, செவ்வாய்

அவள் துணிகளைத் துவைத்துப் போட்டேன். பேக்கரிச் சட்டையில் முட்டை வாசம் போகவில்லை. மறுபடி துவைக்க எடுத்து, துவைக்காமல் மடித்துவைத்தேன்.

மாம்பழக் கலர் புடவையை அம்மா எப்போதோ வாங்கிவைத்திருக்கிறாள். அடக்கத்தன்று அதைத்தான் அவளுக்குக் கட்டிவிட்டோம். எப்போது வாங்கினாள், யாரோடு போனாள் என்று நான் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் கிளாட்வின் முன்னால் நின்றான். தோள் மாற்றச் சொல்லியும் மாற்றவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

வேலைக்குப் போனேன். எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். ஒரு வயதானவர் மட்டும் ஊசி வலிக்கிறது என்று திட்டினார். நன்றாக இருந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

லண்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்று வீடியோவில் நேர்காணல் செய்தது. குடும்பத்தில் யார் யார் என்று கேட்டார்கள். அம்மா என்றேன். தங்கை இருக்கிறாள் என்பதா, இருந்தாள் என்பதா என்று நின்றுவிட்டேன். இணைப்பு போய்விட்டது என்று நினைத்து, “கேட்கிறதா, கேட்கிறதா?” என்றார்கள்.

எடுத்துக்கொள்கிறோம் என்று சாயங்காலமே சொல்லிவிட்டார்கள். மிஸ்ஸுக்கு மட்டும் சொன்னேன், அம்மாவிடம் சொல்லவில்லை. போகப்போவதில்லை, பிறகு எதற்கு?

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு அம்மாவும் நானும் நடந்து வந்தோம். வழியில் கிளாட்வின் வந்தான். கப்பல் உண்மையிலேயே வந்துவிட்டது, நாளை மும்பை போகிறேன் என்றான். அம்மா அவன் நெற்றியில் தன் கையாலும் ஒரு சிலுவை போட்டாள். “போயிட்டு வாங்க. நல்ல பிள்ளையாப் பாத்துக் கட்டிக்கிடுங்க. எங்களுக்காகப் பொய் சொன்னது போதும்” என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மா சேலைகூட மாற்றவில்லை. டெல்பின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். அது காலியானதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் அதில் உட்கார்ந்ததில்லை.

“லண்டன்ல வேல கெடச்சிட்டாம்லா. மிஸ்ஸு போன் பண்ணிச் சொல்லிட்டு.”

“நான் போகலம்மா.”

“ஏன்?”

“நீ தனியா இருப்பியே.”

“நான் பாத்துக்கிடுவேன். என்னட்ட ஒளிச்சுவச்சு ஒளிச்சுவச்சு நீதான் நொந்து போயிட்ட.”

“என்னத்த ஒளிச்சேன்?”

“அவளுக்குத் தெரியும்ங்கிறத.”

மாதா மேல் பண்ணிய சத்தியத்தை நினைத்தேன்.

“அன்னைக்கு நான் அடுப்படியிலதான இருந்தேன்” என்றாள் அம்மா.

“நாங்க இங்கிலீஷ்லல்லாம்மா பேசுனோம்.”

“இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. நீ எம்மவல்லா? அன்னைக்கு நீ பேசுன மாதிரி பாடம் படிக்கிறவ பேச மாட்டா. ஒரு வார்த்த சொல்லுவ, நிப்பாட்டுவ. ஒரு வார்த்த, நிப்பாட்டுவ. ஒரு எடத்துல ஒன் கொரல் அப்படியே எறங்கிட்டு. நான் அந்த மீன உரசிட்டே இருந்தேன். தோலெல்லாம் போயிட்டு. உள்ள வரணும்னு நெனச்சேன். வந்தா அவ அழ மாட்டாளே, எனக்காக அடக்கிக்கிடுவாளேன்னு வரல.”

“அன்னைக்கு அப்புறம் ரெண்டு மாசம் சேலக் கலருக்குச் சண்ட போட்டியேம்மா.”

“அவ போட்டா, நானும் போட்டேன்.”

வெளியே தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள். அம்மா கூப்பிடவில்லை.

“அன்னைக்கு அவட்ட என்ன சொன்ன?” என்றாள். “அதத் தமிழ்ல சொல்லு. நீ பஸ்ஸுல சொன்னப்பகூட பேரச் சொல்லல. எனக்கு யாருமே முழுசாச் சொல்லல, ஜெசிந்தா.”

நாற்காலியை இழுத்து அம்மாவின் எதிரே போட்டு உட்கார்ந்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அம்மா கையைக் கொடுத்தாள். பிடித்துக்கொண்டு, டெல்பினிடம் சொல்வதைப் போலவே சொன்னேன்.

“டெல்பின், ஒனக்கு வந்திருக்கது சாதாரணக் கட்டி இல்ல.” நிறுத்தினேன். அம்மா தலையசைத்தாள். “புத்துநோய்.” அம்மாவின் விரல்கள் இறுகின. “ஈரலுக்கும் பரவிட்டு. ஆப்பரேஷன்ல எடுக்க முடியல, அப்படியே தச்சிட்டாங்க. மருந்தாலயும் கொணமாக்க முடியாது. எத்தன நாளுன்னு எனக்குத் தெரியாது, கொஞ்ச நாளுதான். வலி இல்லாமப் பாத்துக்கிடுவேன். கடைசி வரைக்கும் நான் கூடவே இருப்பேன்.”

அவ்வளவுதான் நான் அன்று சொன்னது. தமிழில் சொல்ல அதிக நேரம் ஆகவில்லை.

அம்மா அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை. நானும் அழுதேன். அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது நெற்றிச் சாம்பல் கன்னம் வரை இழுபட்டிருந்தது.

“அதுக்கு அவ என்ன சொன்னா?”

“‘சரிக்கா. அம்மாட்ட மட்டும் சொல்லிராத’ன்னா.”